1966 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர்: டேஷ்போர்டை எந்த வரிசையில் திரும்பப் பூட்டுவது?

குரோம்பம்பர் | லெஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1966 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். வலது பக்க ஸ்டீயரிங், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது), டைனமோ, ஓவர்டிரைவ் (கூடுதல் உயர் கியர்) உண்டு. பெயின்ட் வேலை முடிந்து பாடி வீட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே இப்போதைக்கு வெறும் தகடுதான். புது வயரிங் ஹார்னஸை (மொத்த வயர்க் கட்டு) இழுத்து வைத்திருக்கிறேன். ஹீட்டர் பெட்டி இன்னும் பெஞ்சில் கிடக்கிறது. டேஷ் தகட்டுக்குக் கறுப்பு கிராக்கிள் பெயின்ட் அடித்தேன், நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. சீக்கிரம் காரில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது.

இந்தக் காரைக் கழற்றியது நான் இல்லை. முன்பு வைத்திருந்தவர் கழற்றி, டப்பா டப்பாவாகப் போட்டுக் கொடுத்தார். பாதி டப்பாவில் பெயர்கூட எழுதவில்லை. அதனால் எது முன், எது பின் என்று தெரியாமல் நிற்கிறேன். டேஷ் முதலில் போகவேண்டுமா, நடுவில் இருக்கும் ஸ்பீக்கர் பேனலா? மீட்டர்களைத் தகட்டில் மாட்டிவிட்டு ஏற்றுவதா, தகட்டை ஏற்றிவிட்டு மாட்டுவதா? இன்னொன்று: பியூலி ஆட்டோஜம்பிளில் (பழைய கார் உதிரிபாகச் சந்தை) ரேடியோ வைக்கும் கன்சோல் ஒன்று மலிவாகக் கிடைத்தது, பின்னாள் எம்.ஜி.பி.யுடையது. அது இதில் உட்காருமா?

பழையஇரும்பு | ஹாரோ

ஒரே கேள்வி தம்பி. விண்ட்ஸ்கிரீன் போட்டாச்சா?

குரோம்பம்பர் | லெஸ்டர்

இல்லை அண்ணா. ஃப்ரேமில் கண்ணாடி மாட்டக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதற்கும் டேஷுக்கும் என்ன சம்பந்தம்?

பழையஇரும்பு | ஹாரோ

நிறைய இருக்கிறது. ரோட்ஸ்டரில் விண்ட்ஸ்கிரீன் ஃப்ரேமின் இரண்டு கால்களும் பாடிக்குள்ளே இறங்கும். அவற்றைப் பிடிக்கும் போல்ட்டுகள் டேஷின் இரு ஓரங்களுக்கும் பின்னால் ஒளிந்திருக்கின்றன. டேஷைப் பூட்டிவிட்டு விண்ட்ஸ்கிரீனைப் போட நினைத்தால், டேஷை மறுபடி கழற்ற வேண்டும். இல்லை என்றால், பாதி தளர்த்தி முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்க முடியாத போல்ட்டை விரல் நுனியால் தேட வேண்டும். அந்த நேரத்தில் உன் கிராக்கிள் பெயின்ட் கதி என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஃப்ரேமின் அடியில் வரும் ரப்பர் சீலும் ஒரு தொந்தரவு. ஸ்கட்டில் (விண்ட்ஸ்கிரீனுக்கு அடியில் இருக்கும் பாடித் தகடு) மேல் அது மடங்காமல் உட்கார, ஒருவர் மேலிருந்து ஃப்ரேமை அழுத்த, இன்னொருவர் உள்ளேயிருந்து போல்ட்டைப் பிடிக்க வேண்டும். டேஷ் இல்லாத காரில் இது ஒரு மதியத்து வேலை. டேஷ் இருக்கிற காரில் நட்பு முறியும் வேலை.

ஆகவே ஸ்கட்டில் மேல் வரும் வினைல் ஒட்டுவது, டீமிஸ்டர் வாய்கள், பிறகு விண்ட்ஸ்கிரீன். இவை முடியும்வரை டேஷ் தகட்டைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வை.

வயரிங்வாத்தியார் | பர்மிங்காம்

பழையஇரும்பு சொன்னது சரி. நான் அதற்கு அடுத்ததைச் சொல்கிறேன்.

டேஷ் தகடு ஒரு மூடி, அவ்வளவுதான். அது மூடப்போகும் இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுங்கள். ஹீட்டர், டீமிஸ்டர் குழாய் இரண்டு, வைப்பர் ரேக் (வைப்பரை இயக்கும் பல் வைத்த கேபிள்), வைப்பர் வீல்பாக்ஸ் (வைப்பர் கையைத் திருப்பும் பல்சக்கரப் பெட்டி), ஹீட்டர் கேபிள்கள், சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஆயில் பிரஷர் குழாய், டெம்பரேச்சர் மீட்டரின் மெல்லிய செப்புக்குழாய், அதன்பிறகு வயரிங். இதில் ஒன்றை விட்டுவிட்டு மூடினால், அந்த ஒன்றுக்காகவே எல்லாவற்றையும் திறக்க வேண்டியிருக்கும்.

ஹீட்டரில் தொடங்குங்கள். எம்.ஜி.பி.யில் ஹீட்டர் பெட்டி என்ஜின் பக்கம், பல்க்ஹெட் (என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் சுவர்) மேல் இருக்கும் தட்டில் உட்கார்கிறது. பெட்டி மேலிருந்து இறங்கும், ஆனால் அதன் கீழ்வாய் கேபினுக்குள் வரும். டீமிஸ்டர் குழாய்களைக் கேபின் பக்கமிருந்துதான் சொருக வேண்டும். டேஷும் நடு பேனலும் இல்லாதபோது இரண்டு கையும் உள்ளே போகும். இருந்தால் ஒரு கைகூட முழுதாகப் போகாது. பெட்டியை இறக்கும் முன் மேட்ரிக்ஸில் (ஹீட்டருக்குள் வெந்நீர் ஓடும் சின்ன ரேடியேட்டர்) தண்ணீர் விட்டுக் கசிவு பாருங்கள், மோட்டாரை பேட்டரியில் தொட்டுச் சுழல்கிறதா பாருங்கள், பழைய பஞ்சு சீல்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது ஒட்டுங்கள். ‘எம்.ஜி.பி. ஹீட்டர் சூடே தராது’ என்று புலம்புகிறவர்களில் பலருக்குப் பஞ்சு சீல்தான் இல்லை. சூடான காற்று பெட்டியைச் சுற்றிக்கொண்டு எங்கோ போய்விடுகிறது.

காற்று வரும் அறையின் அடியில் ஒரு ரப்பர் வடிகுழாய் உண்டு, டனல் (கியர்பாக்ஸை மூடும் நடு மேடு) பக்கமாகக் கீழே இறங்கும். அதில் இலைச் சருகு அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் காலடியில் வரும். புது கார்பெட் போடும் முன் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, கீழே தரையில் விழுகிறதா பாருங்கள்.

வைப்பர் மோட்டாரிலிருந்து ரேக் கேபிள் ஒரு குழாய் வழியாக வீல்பாக்ஸ்களுக்குப் போகிறது. அந்தக் குழாய் டேஷுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. ரேக்கை வெளியே இழுத்து, துடைத்து, புது கிரீஸ் போட்டு, வைப்பரை ஓட்டிப் பாருங்கள். வீல்பாக்ஸ் பல் தேய்ந்திருந்தால் மாற்றுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

வயரிங் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது நீளும்.

குரோம்பம்பர் | லெஸ்டர்

மிக்க நன்றி ஐயா. எழுதுங்கள், காத்திருக்கிறேன். டப்பாவில் இரண்டு ஸ்பீடோமீட்டர் இருக்கிறது, இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே. எது என் காருடையது?

பழையஇரும்பு | ஹாரோ

டயலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்று. கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் மாறினால் அந்த எண் மாறும். இரண்டிலும் எண் வேறாக இருந்தால், காரைத் தள்ளி, அளந்த தூரத்துக்குக் கேபிள் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிப் பார். கேபிள் முனையில் ஒரு அட்டைத் துண்டைக் கொடிபோல ஒட்டிக்கொண்டால் எண்ணச் சுலபம். எண் ஒன்றேயானால், ஊசி சுத்தமாகச் சுழலும் எதுவும் சரி.

கன்சோல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அது உட்காராது தம்பி. 1967 கடைசியில் மார்க் 2 வந்தபோது நான்கு கியரும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ வைக்கும் அமைப்பு) ஆன புது கியர்பாக்ஸ் வந்தது, அதற்காக டனலை அகலப்படுத்தினார்கள். ரேடியோ கன்சோல் அந்த அகலத்துக்குச் செய்தது. உன் டனல் ஒடுக்கம். வெட்டி ஒட்டி வைக்கலாம், ஆனால் 1966 காருக்குள் அது ஒட்டாது. விற்றுவிடு, பியூலிக்கு அடுத்த செப்டம்பரும் வரும்.

வயரிங்வாத்தியார் | பர்மிங்காம்

இப்போது வயரிங். எனக்கு இந்தக் கார் பழக்கமானது இங்கே வந்த பிறகுதான், ஆனால் வயர் நிறம் பழக்கமானது கோயம்புத்தூரில், அம்பாசிடரில். இரண்டு காருக்கும் என்ஜின் ஒரே குடும்பம், பி.எம்.சி. பி சீரிஸ். அங்கே 1489 சி.சி., இங்கே 1798 சி.சி. மின்சாரத்துக்கும் அதே லூக்காஸ் (பிரிட்டிஷ் கார் மின்பாக நிறுவனம்) முறைதான். 1961-இல் சென்னை பாடியில் லூக்காஸ் டி.வி.எஸ். வந்த பிறகு எங்கள் பட்டறையில் பாதி உதிரிபாகம் அந்தப் பெட்டியில்தான் வரும்.

நிறங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பிறகு வரைபடம் அதிகம் தேவைப்படாது. பழுப்பு என்றால் எப்போதும் உயிருள்ளது, ஃபியூஸ் இல்லை. ஊதா என்றால் எப்போதும் உயிருள்ளது, ஃபியூஸ் உண்டு. வெள்ளை, சாவி போட்டால் உயிர், ஃபியூஸ் இல்லை. பச்சை, சாவி போட்டால் உயிர், ஃபியூஸ் உண்டு. சிவப்பு சைடு லைட். சிவப்பில் வெள்ளைக் கோடு மீட்டர் விளக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிப் (லோ பீம்). கறுப்பு எர்த். இளம்பச்சைக்கு ஒரு தனி வேலை, அதைக் கீழே சொல்கிறேன்.

இதில் நீங்கள் பயப்பட வேண்டியது பழுப்புக்கு. இக்னிஷன் சுவிட்சுக்கும் லைட் சுவிட்சுக்கும் வரும் பழுப்பு வயரில் ஃபியூஸே கிடையாது. உங்கள் டேஷ் இரும்புத் தகடு. தகட்டு ஓரத்தில் அந்த வயர் உரசி இன்சுலேஷன் போனால், வயர் முழுதும் சிவந்து ஹார்னஸ் எரியும். சாவி போடாவிட்டாலும் எரியும். துளை ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள், வயர் போகும் இடத்தில் ஸ்லீவ் போடுங்கள், கட்டி வையுங்கள்.

லூக்காஸை ‘இருட்டின் இளவரசன்’ என்று இங்கே எல்லோரும் கேலி செய்வார்கள். நான் பார்த்த இருட்டுகளில் பெரும்பாலானவை எர்த் வயரைச் சரியாகப் போடாததால் வந்தவை. ஒவ்வொரு மீட்டரின் கிளாம்ப் நட்டுக்கடியிலும் ஒரு கறுப்பு வயர் வர வேண்டும். தகடு வழியாக எர்த் கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். உங்கள் தகடு முழுக்க இப்போது தடித்த பெயின்ட்.

இளம்பச்சை: பெட்ரோல் மீட்டருக்கு நேரடியாக 12 வோல்ட் போவதில்லை. வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்ற சின்னப் பெட்டி பச்சையை வாங்கி, இளம்பச்சையில் சராசரி 10 வோல்ட் கொடுக்கும். உள்ளே இரு உலோகத் தகடு ஒன்று சூடாகி விலகும், ஆறி ஒட்டும். அதனால் மல்டிமீட்டரில் முள் துள்ளிக்கொண்டே இருக்கும், கெட்டுப்போனது என்று தூக்கி எறியாதீர்கள். அந்தப் பெட்டியின் உடலுக்கு நல்ல எர்த் வேண்டும், எந்தப் பக்கம் மேலே என்று அதில் குறித்திருக்கும், அப்படியே மாட்ட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் உள்ளே சூடாகாது, ஒட்டியே இருக்கும், முழு 12 வோல்ட்டும் போய் மீட்டர் அளவுக்கு மேல் காட்டும்.

ஓவர்டிரைவ்_ஆன் | கார்டிஃப்

வாத்தியாரே, டேக்கோமீட்டரை (என்ஜின் சுற்றுவேகம் காட்டும் மீட்டர்) விட்டுவிட்டீர்கள். 1966-இல் இருப்பது இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்கு (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) போகும் வெள்ளை வயரில் ஓடும் மின்னோட்டத்தைப் பார்த்து எண்ணும் வகை. அந்த வெள்ளை வயர் மீட்டரின் முதுகில் ஒரு லூப் போட்டுவிட்டுப் போகும். லூப்பைத் திருப்பிப் போட்டால் என்ஜின் ஓடும், டேக்கோ செத்தது போல் கிடக்கும். லூப்பை இணைக்கவே மறந்தால் என்ஜினே ஓடாது, ஆட்கள் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

மீட்டர்களை எப்போது மாட்டுவது என்பதில் என் கருத்து: தகட்டை முதலில் ஏற்றுங்கள், வெறுமையாக. மீட்டர்கள் எல்லாம் முன்பக்கமிருந்துதான் துளைக்குள் போகின்றன. தகடு பூட்டிய பிறகு ஒவ்வொரு துளையாக வயரை வெளியே இழுத்து, மாட்டி, உள்ளே தள்ளலாம். கனம் இல்லாத தகட்டை ஒரே ஆள் தூக்கிப் பிடிக்கலாம். மீட்டர்களோடு ஏற்றினால் எங்காவது இடித்து விளிம்பு குரோம் போகும்.

பழையஇரும்பு | ஹாரோ

முன்பக்கமிருந்து போகும், சரி. அதைப் பிடிக்கும் பிராக்கெட்டும் நட்டும் பின்பக்கம் அல்லவா? சீட்டில் தலைகீழாகப் படுத்து, காலைப் பின்னால் நீட்டி, ஸ்டீயரிங் தண்டுக்கும் டேஷுக்கும் நடுவே கையை விட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு திருக வேண்டும். உங்களுக்கு வயது என்ன? எனக்கு முதுகு போய்விடும்.

என் முறை வேறு. ஸ்டீயரிங் வீலைக் கழற்றிவிடு. தண்டின் மேல் ஒரு தடித்த பழைய துவாலை. மீட்டர்களையும் சுவிட்சுகளையும் பெஞ்சிலேயே தகட்டில் மாட்டிவிடு. தகட்டைத் தண்டின் மேல் முகம் கீழாகச் சாய்த்து வை. முதுகு முழுதும் உன் கண்ணுக்கு நேரே இருக்கும், ஒவ்வொரு வயராக உட்கார்ந்தபடி மாட்டலாம். சோதித்து முடித்த பிறகு நிமிர்த்தி, மேல் விளிம்பு நட்டுகளைப் பூட்டு.

ஓவர்டிரைவ்_ஆன் | கார்டிஃப்

மேல் விளிம்பு நட்டுகளைப் பூட்டும்போதும் நீங்கள் தலைகீழாகத்தான் படுக்க வேண்டும் அண்ணா, அதில் தப்ப முடியாது. அப்போது பின்னால் மீட்டர் இருந்தால் கை நுழைய இடம் இன்னும் குறைவு.

வயரிங்வாத்தியார் | பர்மிங்காம்

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இந்தக் காரில் ஒரு மீட்டர் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. ஆயில் பிரஷரும் தண்ணீர்ச் சூடும் ஒரே முகத்தில் காட்டும் இரட்டை மீட்டர். அதன் முதுகிலிருந்து மெல்லிய செப்புக்குழாய் ஒன்று நிரந்தரமாக ஒட்டிப் போகிறது, முனையில் ஒரு குமிழ். அந்தக் குமிழ் என்ஜின் ஹெட் வரை போக வேண்டும். குழாய் மடிந்து முறிந்தாலோ வெட்டுப்பட்டாலோ உள்ளே இருக்கும் ஈதர் போய்விடும், மீட்டர் அவ்வளவுதான். தகட்டில் மாட்டி ஏற்றினாலும் தனியாக மாட்டினாலும், அந்தக் குழாயைப் பல்க்ஹெட் துளை வழியே முதலில் அனுப்பி, ரப்பர் குரோமெட்டையும் (துளை ஓரத்தை மூடும் வளையம்) உட்கார வைத்துவிட்டுத்தான் மற்றது. கூடுதல் நீளத்தை வெட்டக்கூடாது, அகலமாகச் சுருட்டி வைக்க வேண்டும்.

என் யோசனை: இரட்டை மீட்டர், சுவிட்சுகள், சோக், ஹீட்டர் திருகிகள் எல்லாம் தகட்டோடு ஏறட்டும். ஸ்பீடோவும் டேக்கோவும் பெரியவை, அவற்றை மட்டும் கடைசியில் முன்பக்கமிருந்து மாட்டுங்கள். அவை இல்லாத இரண்டு பெரிய துளைகள் வழியாகவே நீங்கள் கையை விட்டு மேல் நட்டுகளைத் தொடலாம்.

பழையஇரும்பு | ஹாரோ

துளை வழியாகக் கை விடுவது நல்ல யோசனை. ஒப்புக்கொள்கிறேன். நட்டு சாக்கெட்டுக்குள் நிற்க ஒரு சொட்டு கிரீஸ் வை, இல்லாவிட்டால் ஹீட்டருக்குள் விழுந்து ஆயுசுக்கும் கலகலக்கும். அப்புறம் தம்பி, இந்தக் காரில் மில்லிமீட்டர் ஸ்பானர் எடுக்காதே. யு.என்.எஃப். திரெட், ஏ.எஃப். ஸ்பானர், இரண்டும் அங்குல அளவு. 1/4 அங்குல நட்டுக்கு 7/16.

நியூஜெர்சி_பி | எடிசன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1970, இடது பக்க ஸ்டீயரிங், அமெரிக்க மாடல். உங்களுக்கெல்லாம் அழகான இரும்பு டேஷ். எங்களுக்கு 1968-இல் வந்த பாதுகாப்பு விதிகளுக்காகப் பஞ்சு அடைத்த மொத்தை டேஷ். எம்.ஜி. தொழிற்சாலை இருந்த ஊர்ப் பெயரில் ‘ஆபிங்டன் தலையணை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். குளோவ்பாக்ஸ்கூட இல்லை, 1972 மாடலில்தான் திரும்பி வந்தது. ரேடியோவுக்கு டேஷில் இடமில்லாததால் கன்சோலில். என் தலையணை வெயிலில் குறுக்கே நான்கைந்து இடத்தில் வெடித்திருக்கிறது. மேலே ஒட்டும் பிளாஸ்டிக் மூடி வாங்கலாமா, பழுதுபார்க்கலாமா? குரோம்பம்பர் விற்கும் கன்சோல் எனக்கு வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தையல்பெட்டி | வுல்வர்ஹாம்ப்டன்

சீட், டேஷ் உறை வேலைதான் என் தொழில், அதனால் சொல்கிறேன். பிளாஸ்டிக் மூடி மலிவு, ஒரு நாளில் முடியும். தூரத்தில் நின்று பார்த்தால் நன்றாகவே இருக்கும். கிட்டே வந்தால் கதவோரத்தில் விளிம்பு தெரியும். மூடியின் கனம் சேர்வதால் மீட்டர் துளைகளில் இடுக்கம் வரும், பிராக்கெட் நட்டு பிடிக்கத் திரெட் போதாமல் போகும். பசை தடவும் முன் எல்லா மீட்டரையும் சும்மா சொருகிப் பாருங்கள்.

பழுது பார்ப்பதென்றால், வெடிப்பை ‘வி’ வடிவில் வெட்டித் திறக்க வேண்டும், ஓரம் சுருண்டு எழும்பியிருக்கும் பகுதியைச் சீவ வேண்டும். வளையும் தன்மையுள்ள யூரித்தேன் ஃபில்லர்தான் போட வேண்டும். பாடிக்குப் போடும் பட்டி போட்டால் முதல் கோடையிலேயே அதே கோட்டில் வெடிக்கும், ஏனென்றால் கீழே இருக்கும் பஞ்சு வெயிலில் விரிகிறது, பட்டி விரியாது. அதன்மேல் வினைல் கிரெயின் வருமாறு டெக்ஸ்சர் ஸ்பிரே, பிறகு வினைல் பெயின்ட். பொறுமை இருந்தால் இதுதான் அழகு. நான்கைந்து வெடிப்பு என்றால் செய்யலாம். பத்துக்கு மேல் போனால் மூடியே மேல்.

நியூஜெர்சி_பி | எடிசன்

நன்றி அக்கா. பழுதே பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம் வாத்தியாருக்கு: என் ஃபியூஸ் பெட்டியில் 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. இங்கே கடையில் 35 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் வாங்கிப் போட்டிருக்கிறேன். சரிதானே?

வயரிங்வாத்தியார் | பர்மிங்காம்

சரியில்லை, இன்றைக்கே எடுங்கள். லூக்காஸ் 35 என்பது எந்த ஆம்பியரில் ஃபியூஸ் உருகும் என்ற எண். தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். உங்கள் ஊர்க் கண்ணாடி ஃபியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. அதில் 35 போட்டால் ஃபியூஸ் போகும் முன் வயர் போய்விடும். லூக்காஸ் வகை கிடைக்காவிட்டால் அங்கே 20-க்கு மேல் போகாதீர்கள்.

குரோம்பம்பர் | லெஸ்டர்

விண்ட்ஸ்கிரீன் ஏறிவிட்டது! பழையஇரும்பு அண்ணா சொன்ன அந்த ரப்பர் சீல் பற்றி இங்கே எழுத முடியாத வார்த்தைகள் என்னிடம் உள்ளன. ஹீட்டர், வைப்பர் எல்லாம் உள்ளே. வடிகுழாயில் தண்ணீர் தரையில் விழுகிறது. இப்போது டேஷ் துவாலை மேல் சாய்ந்திருக்கிறது.

பேட்டரியை இணைக்கும் முன் இரண்டு கேள்வி. மீட்டர் விளக்குகளுக்கு எல்.இ.டி. போடலாமா? பழைய பல்பு மங்கலாக இருக்கிறது. அப்புறம், என் மகனுக்குப் புளூடூத் ரேடியோ வேண்டுமாம். பாசிட்டிவ் எர்த்தில் ஓடுமா?

ஓவர்டிரைவ்_ஆன் | கார்டிஃப்

நேரடியாக ஓடாது. ரேடியோவின் உடலே நெகட்டிவ் எர்த். உங்கள் காரின் உடல் பாசிட்டிவ். பிராக்கெட்டில் தொட்டவுடன் ஷார்ட். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றலாம்: பேட்டரி வயரைத் திருப்பி, டைனமோவைப் புது துருவத்துக்குப் பழக்கி, காயிலின் இரண்டு சின்ன வயரை இடம் மாற்ற வேண்டும். டேக்கோவுக்குத்தான் உள்ளே திறந்து வேலை. செய்வதானால் டேக்கோ வெளியே இருக்கும்போதே செய்யுங்கள். இல்லையா, மகனிடம் பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஓவர்டிரைவில் போகும்போது கூரை இல்லாத காரில் எந்தப் பாட்டும் கேட்காது.

வயரிங்வாத்தியார் | பர்மிங்காம்

எல்.இ.டி. பற்றி: மீட்டர் விளக்கு 987 எண் திருகு பல்பு, 2.2 வாட். எல்.இ.டி. வாங்கினால் இரு துருவத்திலும் எரியும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலானவை நெகட்டிவ் எர்த்துக்கு மட்டும் செய்தவை, உங்கள் காரில் எரியாது. விளக்கு மங்கலாக்கும் திருகியும் அதோடு ஒழுங்காக வேலை செய்யாது. நான் பழைய பல்பையே வைப்பேன். எர்த்தைச் சுத்தம் செய்தாலே பாதி வெளிச்சம் திரும்பி வரும்.

நியூஜெர்சிக்காரருக்கு ஒன்று. உங்கள் காரில் ஆல்டர்னேட்டர். இக்னிஷன் எச்சரிக்கை விளக்குக்கு மட்டும் எல்.இ.டி. வேண்டாம். அந்தப் பல்பு வழியாகப் போகும் மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்புகிறது.

பேட்டரி இணைக்கும் முறை: எர்த் பட்டையை நேரடியாகப் பூட்டாதீர்கள். பட்டைக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பைத் தொடராக வையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு எரியக்கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட், ஆனால் வயர் எரியாது, பல்பு தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, பல்பு எவ்வளவு எரிகிறது என்று பாருங்கள். திருப்தியான பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்து, ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா பாருங்கள். பிறகு என்ஜினை ஓட்டி, ஆயில் குழாய் மீட்டரில் சேரும் இடத்தைத் துடைத்த விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கே ஒரு தோல் வாஷர் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் புது கார்பெட்டுக்கு முதல் ஆயில் அங்கிருந்துதான் வரும். எல்லாம் சரி என்றால்தான் தகட்டை நிமிர்த்துங்கள்.

குரோம்பம்பர் | லெஸ்டர்

பல்பு முறை அருமை ஐயா. முதலில் இணைத்ததும் பளிச்சென்று எரிந்தது. தேடியதில், குளோவ்பாக்ஸ் பக்கத்தில் ஒரு ஊதா வயரின் முனை இணைக்கப்படாமல் தகட்டில் தொட்டுக்கொண்டிருந்தது. இழுத்ததும் அணைந்தது. என்ஜின் ஓடியது, டேக்கோ காட்டுகிறது, ஆயில் கசிவு இல்லை. தகடு நிமிர்ந்து, நட்டெல்லாம் பூட்டியாயிற்று. ஸ்பீடோவும் உள்ளே. நடு ஸ்பீக்கர் பேனலும் உட்கார்ந்துவிட்டது.

மிச்சம் இரண்டு தொல்லை. டாங்கில் கால்வாசி பெட்ரோல்தான், மீட்டர் முக்காலுக்கு மேல் காட்டுகிறது. தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன், ஸ்பீடோ முள் 20-க்கும் 40-க்கும் நடுவே ஆடுகிறது.

பழையஇரும்பு | ஹாரோ

பெட்ரோல் மீட்டருக்கு வாத்தியார் முன்பே பதில் எழுதிவிட்டார். ஸ்டெபிலைசர் எர்த். பெயின்ட் மேல் மாட்டியிருப்பாய்.

ஸ்பீடோ ஆடுவது கேபிள். எங்காவது இறுக்கமாக வளைந்திருக்கும், பெரும்பாலும் மீட்டரின் முதுகுக்குப் பின்னால் உடனே. நட்டைத் தளர்த்தி, அகலமாகச் சுற்றி வரும்படி திருப்பிவிடு. உள்கேபிளுக்கு கிரீஸ் போட்டாயா? மேல்முனையில் சில அங்குலத்துக்குப் போடக்கூடாது, சுழலும்போது கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் போய்விடும்.

குரோம்பம்பர் | லெஸ்டர்

ஸ்டெபிலைசர் பெயின்ட் மேல்தான் இருந்தது. சுரண்டிவிட்டு மாட்டினேன், முள் கால்வாசிக்கு இறங்கிவிட்டது. கேபிள் நீங்கள் சொன்ன இடத்தில்தான் மடிந்திருந்தது, திருப்பிவிட்டேன், இப்போது ஆட்டம் இல்லை. டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கும் திருகி மட்டும் டேஷுக்கு அடியில் தொங்குகிறது, அதைப் பிடிக்கும் பிராக்கெட் எந்த டப்பாவில் என்று தேடுகிறேன்.

நியூஜெர்சி நண்பரே, கன்சோல் உங்களுக்குத்தான். அனுப்பும் செலவு பார்த்துவிட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறேன்.